மனிதர் வெளியேறிய காட்டில் மானுக்கும் மண்புழுவுக்கும் கதிர்க் கணக்கு

1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26ஆம் திகதி அதிகாலையில், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் உக்ரேன் பகுதியில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. மறுநாள் பிற்பகல், அருகிலிருந்த பிரிப்யத் நகரத்து மக்கள் ஏறக்குறைய 49,000 பேர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டனர். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த வருடம் முடிவதற்குள், உலையைச் சுற்றி 30 கிலோமீற்றர் தூரத்துக்கு இருந்த ஊர்களிலிருந்து மொத்தம் 116,000 பேர் வரை வெளியேற்றப்பட்டனர். பின்வந்த வருடங்களில் இன்னும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமது ஊர்களை விட்டுப் போக நேர்ந்தது. அவர்களுட் பெரும் பகுதியினர் உருளைக்கிழங்கும் தானியமும் பயிரிட்டு, பசு வளர்த்து வாழ்ந்த கமக்காரர்.

கால்நடைகளும் இடம்பெயர்ந்தன. 50,000 வரையான மாடுகள், 13,000 பன்றிகள், 3,300 செம்மறி ஆடுகள், 700 குதிரைகள் அந்த வட்டத்திலிருந்து வெளியே கொண்டு செல்லப்பட்டன. கொண்டு செல்லாமல் விடப்பட்ட 20,000க்கு மேற்பட்ட மிருகங்கள், வீட்டு நாய் பூனைகளும் அடங்கலாக, கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டன. மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு ஊரை விட்டு நடந்தவர்களுக்கு இந்த எண்களின் பாரத்தை நாம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் மானை எவரும் லொறியில் ஏற்றவில்லை. ஓநாய், காட்டுப்பன்றி, வயல் எலி, தகைவிலான் குருவி, தவளை, மண்புழு, பைன் மரம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின் உடம்பு எவ்வளவு கதிர்வீச்சை வாங்கியது? இன்றும் எவ்வளவு வாங்குகிறது? இதைக் கணக்கிடுவதற்கென்றே ஒரு துறை வளர்ந்திருக்கிறது. காட்டு மிருகத்தின் கணக்கு கமக்காரருக்கு எதற்கு என்று கேட்கலாம். மனிதர் திரும்பிப் போகலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் "அங்கே மான்கள் பெருகியிருக்கின்றனவே" என்று எவராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி என்று அறிய, மானின் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மழைமானியும் வயலும்

முதலில் இரண்டு அளவைகளைப் பிரித்துக்கொள்வோம். ஒரு கிலோ மண்ணிலோ இறைச்சியிலோ செக்கனுக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதைப் பெக்கரல் என்ற அலகால் சொல்வார்கள். உடம்பு வாங்கிக்கொண்ட சக்தியைக் கிரே என்ற அலகால் சொல்வார்கள். ஒரு கிலோ உடம்பு ஒரு ஜூல் சக்தியை வாங்கினால் அது ஒரு கிரே. மழைமானியில் விழுந்த நீர் ஒன்று. வயல் குடித்த நீர் வேறொன்று. ஒரே மழைதான், ஆனால் மேட்டுக் காணியும் பள்ளக் காணியும் ஒரே அளவு குடிப்பதில்லை அல்லவா?

ஒரு கிரே என்பது சிறிய அளவு அல்ல. நான்கைந்து கிரேயை முழு உடம்பும் குறுகிய நேரத்தில் வாங்கினால், சிகிச்சை கிடைக்காத மனிதரில் பாதிப் பேர் இறந்துவிடுவர். ஆகவே அன்றாடக் கணக்குகளில் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிகிரேயும், பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோகிரேயும் பயன்படுகின்றன. பத்திரிகைகளில் வரும் சீவேட் என்ற அலகு மனிதருக்கு மட்டும் உரியது. அது மனிதரின் உறுப்புகளையும் புற்றுநோய் அபாயத்தையும் நிறுத்துப் போட்ட கணக்கு. எலிக்கும் பைன் மரத்துக்கும் அதைப் போட்டால் பொருள் இல்லை.

கதிர்வீச்சு இயற்கையிலும் உண்டு என்பதை இடையில் சொல்லிவைக்க வேண்டும். எமது உடம்பிலுள்ள பொற்றாசியத்தில் ஒரு சிறு பங்கு கதிர் வீசுவதே. எமது புல்மோட்டைக் கரையின் கனிய மணலில் கலந்திருக்கும் மொனசைட்டில் தோரியம் இருக்கிறது. எனவே "கதிர் இருக்கிறதா?" என்று கேட்பதில் பயன் குறைவு. எவ்வளவு, எந்த உயிருக்கு, எத்தனை காலத்துக்கு என்று கேட்பதிலேதான் விடயம் இருக்கிறது.

வெளியிலிருந்து வருவதும் வயிற்றினூடாக வருவதும்

செர்னோபிலில் இருந்து வெளிவந்தவற்றுள் மூன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அயடீன் 131 எட்டு நாட்களில் பாதியாகக் குறைந்துவிடும். சீசியம் 137 பாதியாக 30 வருடங்கள் வேண்டும். ஸ்ரொன்சியம் 90க்கு 29 வருடங்கள். ஆகவே முதல் வாரங்களில் அயடீன் செய்ததை இன்று அளக்க முடியாது. அந்த அயடீன் புல்லில் படிந்து, புல்லைத் தின்ற மாட்டின் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் போய்ச் சேர்ந்தது. அந்த வட்டத்துக்குள் தொடர்ந்து மேய்ந்த மாடுகளின் தைரொயிட் சுரப்பி மட்டும் நூற்றுக்கணக்கான கிரே வாங்கியது. முழு உடம்பையும் சராசரி பார்த்தால் இந்தச் செய்தி மறைந்து போயிருக்கும்.

சீசியமும் ஸ்ரொன்சியமும் இன்றும் மண்ணில் இருக்கின்றன. அவை தரும் கதிர் இரு வழிகளில் உடம்பை அடைகிறது. ஒன்று, மண்ணிலும் மரத்திலும் உள்ள பொருள் வெளியிலிருந்து வீசுவது. மற்றது, தின்றதும் குடித்ததும் உடம்புக்குள் தங்கி உள்ளிருந்து வீசுவது. கையில் பிடிக்கும் கதிர்மானி முதலாவதை மட்டுமே காட்டும். அதுவும் மனிதரின் இடுப்பளவு உயரத்துக் காற்றில்! புல்லுக்குள் ஓடும் எலிக்கு அந்த உயரம் எதற்கு?

சீசியத்தைச் செடி பொற்றாசியம் என்று எண்ணி எடுக்கிறது. அது தசையில் தங்கும். ஸ்ரொன்சியம் கல்சியத்தைப் போல நடந்து எலும்பில் தங்கும். ஒரே எண்ணிக்கையான பெக்கரலை எடுத்துக்கொண்டால், ஓர் எலியின் உடம்பில் ஸ்ரொன்சியம் கொடுக்கும் அளவு சீசியம் கொடுப்பதைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். ஸ்ரொன்சியம் சிதைந்து பிறக்கும் இற்றியம் என்ற பொருள் இன்னும் பலமான கதிரை வீசுவதே இதற்குக் காரணம். ஆனால் ஸ்ரொன்சியத்தை அளப்பது கடினம். அதன் கதிர் எலியின் உடம்பைத் தாண்டி வெளியே வருவது குறைவு. ஆகவே சில ஆய்வுகளில் சீசியத்தை மட்டும் அளந்து கணக்கை முடித்துவிட்டார்கள். உலைக்கு அருகேயுள்ள காடுகளில் அப்படிச் செய்தால் பாதிக் கணக்கு காணாமற் போகலாம்.

மண்ணின் தன்மை தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. களிமண் சீசியத்தை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும்; செடிக்கு இலகுவில் கொடுக்காது. மணல் மண்ணும், உக்காத இலைதழை நிறைந்த கறுத்த சதுப்பு மண்ணும் அப்படிப் பிடிப்பதில்லை. செர்னோபிலைச் சுற்றியுள்ள பொலேசியா என்ற தாழ்நிலத்தில் இந்த இரு மண்ணுமே அதிகம். பொற்றாஷ் பசளை இட்டால் செடி சீசியத்தை எடுப்பது குறையும். சுண்ணாம்பு இட்டால் ஸ்ரொன்சியம் குறையும். வயலில் இதைச் செய்யலாம். காட்டுக்கு எவர் பசளை போடுவார்? அதனாற்றான் வயற் பயிர்களில் சீசியம் குறைந்துவிட்ட இடங்களிலும் காட்டுக் காளானிலும் காட்டுப்பழத்திலும் அது குறையாமல் நின்றது.

மண்ணைப் பற்றிய தவறு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்குப் பிரித்தானியா நல்ல உதாரணம். 1986இல் செர்னோபில் மேகம் அங்கும் மழையாக விழுந்தது. வேல்ஸ், கம்பிரியா, ஸ்கொட்லாந்து மலைகளில் மேய்ந்த செம்மறிகளில் சீசியம் கூடியது. 9,000க்கு மேற்பட்ட பண்ணைகளில் 40 இலட்சம் ஆடுகள் வரை விற்பனைக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. சில வாரங்களில் இது தீர்ந்துவிடும் என்று அதிகாரிகள் கூறினர். தாழ்நிலக் களிமண்ணில் அறிந்ததை மலைச் சதுப்பு மண்ணுக்கும் பொருத்திப் பார்த்ததால் வந்த கணிப்பு அது. மலை மண் சீசியத்தை வருடாவருடம் புல்லுக்கு ஊட்டிக்கொண்டே இருந்தது. கடைசிப் பண்ணைகளின் கட்டுப்பாடு நீக்கப்பட்டது 2012இல்! இடையில் அந்த இடையர்கள் பட்ட நட்டத்தையும், தமது மலையைப் பற்றித் தாம் சொன்னதை எவரும் கேட்கவில்லை என்ற அவர்களது கோபத்தையும் சமூக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஜேர்மனியின் பவேரியாக் காடுகளிலும் இதே கதைதான். அங்குள்ள காட்டுப்பன்றி மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானைக் கிளறித் தின்னும். அந்தக் காளானில் சீசியம் சேர்கிறது. மான் இறைச்சியில் அளவு இறங்கிய பின்பும் பன்றி இறைச்சியில் இறங்கவில்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பன்றிகளிலுள்ள சீசியத்தில் ஒரு கணிசமான பங்கு செர்னோபிலுக்கு உரியதே அல்ல, 1950களிலும் 60களிலும் வானில் வெடிக்கப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளுக்கு உரியது என்று காட்டியது. ஒரே காட்டில் வாழும் மானும் பன்றியும் வேறு வேறு கணக்கு. காரணம் உணவு மட்டுமே.

சிவந்த காடு

உலைக்கு மேற்கே இருந்த பைன் காடு சில வாரங்களில் பச்சை நிறம் போய்ச் செம்மண் நிறமாகியது. அதற்குச் சிவந்த காடு என்றே பெயர் வந்துவிட்டது. மரங்கள் முழுதாக இறந்த பகுதியில் அவை வாங்கிய அளவு 80 கிரேக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே இடத்தில் நின்ற பேர்ச் மரங்கள் பல பிழைத்துக்கொண்டன. பைனின் ஊசியிலை வருடம் முழுவதும் மரத்தில் இருப்பது. விழுந்த தூசியை அது பிடித்து வைத்துக்கொண்டது. மேலும் பைனின் கலங்கள் கதிருக்கு இயல்பாகவே இளகியவை. ஏப்ரல் இறுதி அங்கே குருத்து விடும் காலம் வேறு. குருத்து விடும் பயிரில் நஞ்சு பட்டால் என்ன ஆகும் என்று எமக்குத் தெரியும்.

மரத்தின் கீழே நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. உலையிலிருந்து 3 முதல் 7 கிலோமீற்றர் வரை உள்ள காடுகளில், விபத்து நடந்து இரண்டு மாதங்களுக்குப் பின் சருகுக்குள் வாழும் சிற்றுயிர்களை எண்ணிப் பார்த்தார்கள். அவை ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. சருகு வாங்கிய அளவு 30 கிரே வரை. ஆனால் அருகிலிருந்த உழுத வயல்களில் இப்படி ஓர் அழிவு காணப்படவில்லை. மண்புழுவின் குஞ்சுகள் குறைந்தன. முதிர்ந்தவை தாக்குப் பிடித்தன. விழுந்த பொருள் வயலில் மேற்பரப்பில் மட்டும் கிடந்தது. சில அங்குல மண் மேலே இருந்தாலே பீற்றாக் கதிர் புழுவை எட்டாது. சருகில் வாழும் உயிருக்கு அந்தப் போர்வை இல்லை. இரண்டரை வருடத்தில் சருகு உயிர்களின் மொத்த நிறை பழையபடி வந்துவிட்டது. வகைகள் மட்டும் முன்போல் முழுமையாகவில்லை.

காலம் போகப் போக இந்தப் பாதுகாப்பும் மாறியது. மழையோடு சீசியம் மண்ணுக்குள் சில அங்குலம் இறங்கியது. முதலில் வளைக்குள் ஒளிந்தவனுக்கு நல்லதாக இருந்தது. பிறகு அந்த வளையின் சுவரே கதிர் வீசத் தொடங்கியது.

முட்டை வடிவில் ஒரு மான்

நெடுங்காலமாக இந்தக் கணக்கை எவரும் முறையாகப் போடவில்லை என்றே சொல்ல வேண்டும். சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு 1990இல் வெளியிட்ட பரிந்துரையின் கருத்து, மனிதரைக் காக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு இருந்தால் மற்ற உயிரினங்களும் ஆபத்துக்குள்ளாகா என்பதே. அணுமின் நிலையம் ஒழுங்காக இயங்கும் இடத்தில் இது பொருந்தலாம். செர்னோபிலிலோ மனிதர் வெளியேற்றப்பட்டதனாலேயே காப்பாற்றப்பட்டனர். மான் அங்கேயே நின்றது. மனிதனுக்குப் போட்ட வேலி மானுக்கும் போதும் என்ற வாதம் அந்த ஒரு இடத்திலேயே உடைந்துவிட்டது.

2008இல் அதே ஆணைக்குழு 12 உயிரினங்களை மாதிரியாக எடுத்தது: மான், எலி, வாத்து, தவளை, ட்ரவுட் மீன், தட்டை மீன், தேனீ, நண்டு, மண்புழு, பைன் மரம், காட்டுப்புல், பழுப்புக் கடற்பாசி. உலகத்து உயிர்கள் எல்லாவற்றையும் அளக்க முடியாது. இந்தப் பன்னிரண்டையும் அளந்து வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிடலாம் என்பது யோசனை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் 2004 முதல் 2007 வரை உருவாக்கப்பட்ட எரிக்கா என்ற கணிப்பு முறையும் இதையொட்டியதே. இரண்டிலும் மான் ஒரு பெரிய முட்டை, எலி ஒரு சிறிய முட்டை! கால், வால், கொம்பு எதுவும் கிடையாது. உடம்பு முழுவதும் ஒரே சீராகப் பொருள் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வார்கள். சிரிப்பாக இருந்தாலும், சக்தி எவ்வளவு உடம்புக்குள் நிற்கும், எவ்வளவு வெளியே தப்பும் என்று கணக்கிட இந்த முட்டை வடிவம் மோசமில்லை.

கணக்கின் படிகள் இவை. மண்ணில் ஒரு கிலோவுக்கு எத்தனை பெக்கரல் என்று அளக்கிறார்கள். மண்ணில் இருப்பதற்கும் மிருகத்தின் உடம்பில் இருப்பதற்கும் உள்ள விகிதத்தை முன்னைய அளவீடுகளிலிருந்து எடுத்துப் பெருக்கினால் உடம்பிலுள்ள பெக்கரல் வரும். அதை முட்டைக் கணக்கினால் பெருக்கினால் உள்ளிருந்து வரும் அளவு வரும். மண்ணுக்கு மேலே எத்தனை மணி நேரம், வளைக்குள்ளே எத்தனை மணி நேரம் என்று பிரித்து வெளியிலிருந்து வரும் அளவைக் கூட்டுகிறார்கள். எரிக்கா முறையில் மணிக்கு 10 மைக்ரோகிரேக்குக் குறைந்தால் மேலே ஆராயத் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். நாளுக்கு 24 மணியாகப் பெருக்கினால் 240 மைக்ரோகிரே, அதாவது 0.24 மில்லிகிரே. ஆணைக்குழு மானுக்கு "கவனித்துப் பார்" என்று குறித்த எல்லை நாளுக்கு 0.1 முதல் 1 மில்லிகிரே வரை. தேனீக்கும் மண்புழுவுக்கும் 10 முதல் 100 வரை.

இங்கே மிகப் பலவீனமான கண்ணி அந்த விகிதம்தான். முன்னே சொன்ன மண் வேறுபாடு, உணவு வேறுபாடு, பருவ வேறுபாடு எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே வகை மிருகத்துக்கு ஓரிடத்து விகிதம் இன்னோரிடத்து விகிதத்தைவிடப் பல மடங்கு வேறுபடுவது சாதாரணம். கணினியில் மூன்று தசமத்தில் விடை வருவதைப் பார்த்து எவரும் ஏமாறக் கூடாது.

கழுத்துப் பட்டியில் ஒரு சிறு வில்லை

ஆகவே கணக்கைச் சரிபார்க்க மிருகத்திடமே கேட்கத் தொடங்கினார்கள். கதிரை வாங்கிச் சேமித்து வைத்து, பின்பு சூடாக்கினால் வாங்கிய அளவுக்கு ஏற்ப ஒளிரும் ஒருவகை வில்லை உண்டு. வைத்தியசாலைகளின் கதிர்ப்படப் பிரிவில் வேலை செய்வோர் சட்டையில் குத்திக்கொள்ளும் பட்டையிலும் இப்படிப்பட்ட வில்லையே பலகாலம் இருந்தது. அதைச் சிறு கழுத்துப் பட்டியில் வைத்து வயல் எலிகளுக்குக் கட்டி விட்டார்கள். சில கிழமைகளின் பின் அதே எலிகளை மீண்டும் பொறியில் பிடித்து வில்லையைக் கழற்றினார்கள். எல்லாம் திரும்பிவரவில்லை, ஆந்தைக்கும் நரிக்கும் ஆய்வு பற்றி என்ன தெரியும்? பிடிபட்ட எலியை ஈயத்தால் மறைத்த சிறு பெட்டிக்குள் சில நிமிடம் வைத்து, உடம்புக்குள் இருக்கும் சீசியத்தை எண்ணிவிட்டு உயிரோடு விட்டுவிடுவதும் உண்டு.

எலி ஒரு சிறு பரப்புக்குள் வாழ்வது. ஓநாய் அப்படியல்ல. பெலாரஸ் நாட்டுப் பக்கத்தில், 1988இல் அமைக்கப்பட்ட பொலேசியக் கதிரியக்கச் சூழல் ஒதுக்ககத்தில், ஓநாய்களின் கழுத்தில் செய்மதி மூலம் இடத்தைக் காட்டும் கருவியையும் கதிர்மானியையும் ஒன்றாகப் பொருத்தினார்கள். 2019இல் வெளியான முடிவுகள், ஓர் ஓநாய் வாங்கும் அளவு நாளுக்கு நாள் பெரிதும் ஏறி இறங்குவதைக் காட்டின. அதற்கு முன், ஓநாய் உலவும் முழு நிலத்தின் சராசரியை எடுத்து அதுவே அதன் அளவு என்று போடுவது வழக்கம். செர்னோபில் மண் அப்படிச் சீராக இல்லை. ஒரு பரப்புக் காணியிலேயே ஒரு மூலையில் மட்டும் உப்பு ஏறி மற்ற மூலையில் பயிர் செழிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கேயும் ஒரு பற்றை அருகே மானி துடிக்கும், பத்தடி தள்ளி அடங்கிவிடும். ஓநாய் எந்த மூலையில் படுக்கிறது, எந்த மூலையில் வேட்டையாடுகிறது என்பதிலேயே அதன் கணக்கு இருக்கிறது.

பெருகியதா, குறைந்ததா?

2015இல் வெளியான ஓர் ஆய்வு பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பெலாரஸ் ஒதுக்ககத்தில் எல்க் என்னும் பெரிய மான், செம்மான், சிறுமான், காட்டுப்பன்றி ஆகியவற்றின் தொகை கதிர் விழாத மற்ற ஒதுக்ககங்களின் தொகையை ஒத்திருந்தது. ஓநாய்கள் ஏழு மடங்கு அதிகம். துப்பாக்கியும் கலப்பையும் இல்லாமற் போனதே இதற்கு முதற் காரணம் என்று பலர் கருதுகின்றனர். மறுபுறம், அந்தர்ஸ் மொலர், திமோதி மூசோ ஆகிய இருவரும் செய்த எண்ணிக்கைகளில், கதிர் கூடிய இடங்களில் பறவைகளும் பூச்சிகளும் குறைவு என்று எழுதினர். கைவிடப்பட்ட மாட்டுக் கொட்டில்களில் கூடு கட்டும் தகைவிலான் குருவிகளில் வெள்ளைத் திட்டுகள் அதிகம் என்றும் பதிவு செய்தனர்.

இந்தச் சர்ச்சையின் நடுவில் நிற்பது அளவுக் கணக்கே. அந்த எண்ணிக்கைகளிற் பல, அந்த இடத்துக் காற்றில் மானி காட்டியதையே மிருகத்தின் அளவாக எடுத்துக்கொண்டன. உணவினூடாக வந்தது சேரவில்லை. 1986இல் பாட்டன் பாட்டிகள் வாங்கியது சேரவில்லை. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் சிலர் அவர்களின் எண்ணிக்கைகள் சிலவற்றை எடுத்து, உள்ளளவையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டு 2020இல் வெளியிட்டனர். குறைவு உண்டு என்ற முடிவு அதிலும் நின்றது. இன்னொரு சாராரோ, மொலர் குழுவினரின் எண்ணும் முறையிலேயே குறை காண்கின்றனர். எமது அபிப்பிராயத்தில் இரு பக்கமும் முழுப் பொய்யல்ல. கூட்டம் பெருகலாம், கூட்டத்திலுள்ள ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விலை கொடுத்துக்கொண்டும் இருக்கலாம்.

தேனீயைப் பற்றிய செய்தி ஒன்றையும் இங்கே சேர்க்கலாம். ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்தார், பம்பிள் எனப்படும் உருண்டைத் தேனீக் கூட்டங்களை ஆய்வுகூடத்தில் செர்னோபில் அளவுக் கதிரில் வளர்த்தனர். மணிக்கு 100 மைக்ரோகிரேயில், கூடு ஈனும் புதிய இராணித் தேனீக்கள் 30 முதல் 45 வீதம் குறைந்தன என்று 2020இல் அறிவித்தனர். நாளுக்கு 2.4 மில்லிகிரே. தேனீக்கு ஆணைக்குழு குறித்த கவனிப்பு எல்லை 10இல் தான் தொடங்குகிறது என்று மேலே கண்டோம். பூச்சி கதிரைத் தாங்கும் என்ற பழைய எண்ணம், தனித் தேனீ சாகிறதா என்று பார்த்து வந்தது. கூடு அடுத்த வருடத்துக்கு இராணியைத் தருகிறதா என்று பார்த்தபோது வேறு விடை வந்தது. தேனீ குறைந்தால் பழமரம் காய்ப்பது குறையும். அது கமக்காரருக்குத் தெரிந்த கணக்கு.

மானின் கணக்கும் மனிதரின் கணக்கும்

காட்டு உயிர்களுக்கான விதிகள் எல்லாம் கூட்டத்தையே காக்கின்றன. கூட்டம் நிலைத்தால் போதும். ஒரு மான் நோயுற்று வீழ்ந்தால் அது கணக்கில் வராது. காட்டில் வாழும் மான் சில வருடங்களிலேயே ஓநாய்க்கோ குளிருக்கோ பலியாகிவிடும். இருபது முப்பது வருடம் கழித்து வரக்கூடிய புற்றுநோய்க்கு அது காத்திருப்பதில்லை. மனிதருக்கான விதியோ ஒவ்வொருவரையும் காக்க வேண்டியது. ஒரு பிள்ளைக்கு வரும் தைரொயிட் நோயைக் கிராமத்துச் சனத்தொகை கூடியிருக்கிறது என்று சொல்லி ஈடு செய்ய முடியாது. ஆகவே மான்கள் பெருகிய காட்டைக் காட்டி மனிதரைத் திரும்பிப் போகச் சொல்வதும் தவறு. மானின் எண்ணிக்கையில் அந்தச் செய்தியே இல்லை.

அதேவேளை, திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். 1986லும் 1987லும் ஏறக்குறைய 1,200 பேர் தடையை மீறித் தமது கிராமங்களுக்கு நடந்தே சென்றுவிட்டனர். பெரும்பாலும் வயது சென்ற பெண்கள். அவர்கள் தோட்டம் செய்து, கோழி வளர்த்து, காளான் பறித்து வாழ்ந்தனர். இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலர். அவர்களுடைய அளவையும் எலியைப் போல, ஓநாயைப் போலத்தான் கணக்கிட வேண்டியிருந்தது: எந்த வீட்டில் படுக்கிறார், எந்தக் காட்டில் காளான் எடுக்கிறார், உருளைக்கிழங்குக்குச் சாம்பல் போட்டாரா. ஒரே கிராமத்தில், காளான் உண்பவர் உடம்பிலும் உண்ணாதவர் உடம்பிலும் உள்ள சீசியம் ஒன்றாக இருக்கவில்லை.

2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யப் படைகள் அந்த வட்டத்துக்குள் நுழைந்தன. மார்ச் இறுதியில் வெளியேறின. அகழிகள் வெட்டப்பட்டன, ஆய்வுகூடங்கள் சூறையாடப்பட்டன, கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. ஆய்வாளர் வழக்கமாகப் பொறி வைத்த பாதைகள் பலவற்றில் அதன் பின் கால் வைக்க முடியாமற் போயிற்று. மிருகங்களின் வாழ்வில் மனிதர் இல்லாத அந்த முப்பத்தைந்து வருட அமைதியும் அத்தோடு குலைந்தது. சீசியத்தில் பாதிக்கு மேல் சிதைந்துவிட்ட மண்ணில் இப்போது எலி வளைக்குப் பக்கத்தில் கண்ணிவெடி இருக்கிறது. அதற்கு அரைவாழ்வு கிடையாது. ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்க வேண்டும்.